495,000 என்று எழுதி அனுப்பியது நான்தான்

சிங்கப்பூரில் காதலைச் சொல்ல ரோஜாப்பூ வேண்டாம், "பிடிஓ போடலாமா?" என்று கேட்டால் போதும் என்று எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு கேலிப் பேச்சு உண்டு. என் அக்காவும் அத்தானும் இரண்டு முறை போட்டார்கள். இரண்டு முறையும் குலுக்கலில் நல்ல எண் அமையவில்லை. கல்யாணமாகி, அத்தானின் பெற்றோருடைய மூவறை வீட்டில் குடியிருந்தார்கள். அத்தானின் தம்பி வார இறுதியில் தேசிய சேவை முகாமிலிருந்து வந்தால் வரவேற்பறையில் பாய் விரித்துத்தான் படுப்பார். மூன்றாவது முறையும் போட்டு, கிடைத்து, கட்டி முடிக்கும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், கடந்த ஆண்டு இருவரும் மறுவிற்பனை வீடு தேட இறங்கினார்கள்.

அந்தத் தேடலில் நான் கணக்குப்பிள்ளை. அக்கா தாதி, முறைவேலை. அத்தான் தொழில்நுட்பர், அவருக்கும் இரவு வேலை உண்டு. நான் வணிகம் படிக்கிறேன், எக்செல் தெரியும், விடுமுறை வேறு. சொத்து முகவரை வைத்தால் வீட்டு விலையில் ஏறக்குறைய ஒரு விழுக்காடு தரகு கேட்பது வழக்கம். ஐந்து லட்சம் வெள்ளி வீட்டுக்கு அது 5,000 வெள்ளி. அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம் என்று அக்கா நினைத்தாள். உரிமம் இல்லாமல் முகவர் தொழில் செய்வது சட்டப்படி குற்றம் என்பதால் நான் கணக்குப்பிள்ளை என்ற பட்டத்தோடு நிறுத்திக்கொண்டேன். சம்பளம், வாரம் ஒரு பிரியாணி.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. அதற்கு முந்தைய பருவத்தில்தான் பேரம் பேசுவது பற்றிய ஒரு பாடத்தில் 'ஏ' வாங்கியிருந்தேன். ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் எழுதி 1981ல் வெளிவந்த 'கெட்டிங் டு யெஸ்' புத்தகத்தை அடிக்கோடிட்டுப் படித்திருந்தேன். எதிர்த்தரப்பு வாயால் கேட்பது வேறு, அவருக்கு உண்மையில் தேவைப்படுவது வேறு என்பது அதில் வரும் முக்கியமான கருத்து. தேர்வுத்தாளில் அதை ஒரு பக்கத்துக்கு விளக்கியிருந்தேன். நடைமுறையில் எவ்வளவு விளங்கியிருந்தது என்பது பின்னால் தெரியும்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளின் மறுவிற்பனை விலையில் ஒளிவுமறைவு கிடையாது. அரசாங்கத்தின் தரவுத் தளத்தில் 1990 முதல் நடந்த விற்பனைகள் கிடக்கின்றன. எந்த புளோக், எந்த மாடி வரம்பு, எத்தனை சதுர மீட்டர், குத்தகை எந்த ஆண்டு தொடங்கியது, என்ன விலைக்குப் போனது, எல்லாம் உண்டு. எங்கள் பெற்றோர் இருப்பது உட்லண்ட்சில். அவர்களிடமிருந்து நான்கு கிலோமீட்டருக்குள் வாங்கினால் 20,000 வெள்ளி மானியம் கிடைக்கும். வாங்குபவரில் இளையவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை நீடித்தால்தான் மத்திய சேமநிதியையும் (மசேநி) வீவக கடனையும் முழு அளவில் பயன்படுத்த முடியும். அக்காவுக்கு 28 வயது. ஆகவே 1990களின் பிற்பகுதியில் கட்டிய நான்கறை வீடுகளை மட்டும் சலித்தெடுத்தேன். மஞ்சள், பச்சை, சிவப்பு என்று நிறம் வேறு பூசினேன்.

முதல் வீடு அட்மிரல்ட்டி பக்கம். பார்த்ததுமே அக்காவுக்குப் பிடித்துவிட்டது. கேட்ட விலையையே கொடுப்பதாகச் சொன்னோம். விற்பவரின் முகவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எச்எஃப்இ லெட்டர் கையில இருக்கா?" இல்லை. விண்ணப்பிக்கவே இல்லை. நான் விலையைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

இது உங்களில் பலருக்கு இன்னும் சில ஆண்டுகளில் தேவைப்படும், அதனால் சொல்லிவிடுகிறேன். வீவக வீடு வாங்க உங்களுக்குத் தகுதி உண்டா, எவ்வளவு மானியம், எவ்வளவு வீவக கடன் என்ற மூன்றையும் ஒரே கடிதத்தில் சொல்வதுதான் எச்எஃப்இ. 2023 மே மாதத்திலிருந்து இந்த நடைமுறை. அந்தக் கடிதம் இல்லாதவருக்கு விற்பவர் 'ஓடிபி' கொடுக்க முடியாது. (வங்கி கைப்பேசிக்கு அனுப்பும் ஓடிபி இல்லை. "இந்த விலைக்கு இந்த வீட்டை வாங்கும் உரிமையை உனக்குத் தருகிறேன்" என்று விற்பவர் கையெழுத்திடும் பத்திரத்துக்கும் அதே சுருக்கப் பெயர்.) பத்திரம் கைக்கு வரும்வரை நாம் சொல்லும் விலையெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு. அந்த வீடு கடிதத்தோடு வந்த இன்னொரு ஜோடிக்குப் போனது. எங்களைவிட 5,000 வெள்ளி குறைவாகக் கொடுத்தவர்களுக்கு!

அக்கா அன்றிரவே சிங்பாசைத் திறந்து விண்ணப்பித்தாள். நான் அட்டவணையில் அந்த வீட்டுக்குக் கறுப்பு பூசினேன்.

இரண்டாவது வீட்டில் விலை பேசும் கட்டத்துக்கே போகவில்லை. விற்பவர் சீனர், அந்த புளோக்கில் இந்தியர் வரம்பு நிறைந்திருந்தது. இன ஒருங்கிணைப்புக் கொள்கையைச் சமூகவியல் பாடத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். 1989 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் 15 என்பது இப்போதைய உச்சவரம்பு. பேட்டைக்கென்று தனியாக இன்னும் சற்றுக் குறைந்த வரம்புகள் உண்டு. ஓர் இனத்தின் வரம்பு நிறைந்துவிட்டால், அந்த இனத்தவர் அங்கே தம் இனத்தவரிடமிருந்து மட்டுமே வாங்க முடியும். வீவக இணையத்தளத்தில் இரண்டு நிமிடத்தில் சரிபார்த்திருக்கலாம். ஒரு சனிக்கிழமை மதியம் வீணானது.

மூன்றாவது வீட்டில் எங்களுக்குப் புத்தி பேதலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாருக்குப் போகப்போகும் ரயிலைப் பற்றி எல்லா விளம்பரங்களிலும் எழுதியிருப்பார்கள், வீட்டிலிருந்து நிலையம் அரை மணி நேரத் தொலைவில் இருந்தாலும்கூட. இந்த வீட்டிலும் அதே பேச்சு. நாங்கள் போனபோது தாழ்வாரத்தில் இன்னும் நான்கு குடும்பங்கள் நின்றன. கூட்டத்தைப் பார்த்ததும் அத்தானுக்குச் சூடு ஏறிவிட்டது. அதே புளோக்கில் கடைசியாக விற்ற வீடு 538,000 வெள்ளிக்குப் போயிருந்தது. அத்தான் மின்தூக்கியில் இறங்கும்போதே 560,000 வரை போகலாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாதான் பிரேக் போட்டார். அப்பா எங்கள் வீட்டை வாங்கியது 2009ல். அந்தக் காலத்தில் வீட்டின் மதிப்பீட்டை முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ரொக்கம் எவ்வளவு என்றுதான் பேரமே நடக்குமாம். 2014 மார்ச்சில் அது மாற்றப்பட்டது. இப்போது விலையை ஒப்புக்கொண்டு, பத்திரம் கைக்கு வந்த பிறகுதான் வீவகவிடம் மதிப்பைக் கேட்க முடியும். பேரம் பேசும்போது மதிப்பீடு யாருக்கும் தெரியாது.

இதன் விளைவை அட்டவணையில் போட்டுப் பார்த்தேன். வீவக கடன் அதிகபட்சம் 75 விழுக்காடு. அது நாம் கொடுக்கும் விலைக்கு இல்லை, விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதற்கு. மதிப்பைத் தாண்டிய தொகைக்குக் கடனும் கிடையாது, மசேநி பணத்தையும் தொட முடியாது. ஒவ்வொரு வெள்ளியும் ரொக்கம். 560,000க்கு ஒப்புக்கொண்டு மதிப்பு 538,000 என்று வந்தால் 22,000 வெள்ளியைக் கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். அக்காவின் வங்கிக் கணக்கில் அப்போது இருந்தது 19,000. முத்திரைத்தீர்வை, வழக்கறிஞர் செலவு, மின்விசிறி, மெத்தை எல்லாம் அதற்குப் பிறகு. "இத மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்று அத்தான் என்னைத்தான் கேட்டார். நியாயமான கேள்வி.

பிறகு சில வாரங்கள் வீடு எதுவும் சரியாக அமையவில்லை. வீவக 2024ல் தொடங்கிய மறுவிற்பனைப் பட்டியல் பக்கத்தில் ஒரு நாள் இரவு அந்த வீடு கண்ணில் பட்டது. முகவர் இல்லாமல் உரிமையாளரே போட்டது என்பது படங்களைப் பார்த்ததும் தெரிந்தது. ஒரு படத்தில் துணிக்கம்பில் கைலி காய்ந்துகொண்டிருந்தது. நான்கறை, எட்டாவது மாடி, 1998ல் தொடங்கிய குத்தகை, எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் மூன்று நிறுத்தம். கேட்ட விலை 545,000. அக்கம்பக்கத்து புளோக்குகளில் அதே மாதிரி வீடுகள் 538,000க்கும் 550,000க்கும் இடையில் போயிருந்தன. ஆனால் இது ஐந்து மாதமாக விற்கவில்லை.

ஏன் என்று பார்த்தேன். இந்த முறை முதலில் இன வரம்பைத்தான் பார்த்தேன். அந்த புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்துவிட்டது. அந்தப் பேட்டையில் மலாய்க்காரர் வரம்பும் நிறைந்துவிட்டது. விற்பவர் இந்தியர். அவர் இந்தியருக்கோ மற்ற இனத்தவருக்கோ மட்டும்தான் விற்க முடியும்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினேன். அதை மறைப்பதில் பயனில்லை.

மறுநாள் மாலை போனோம். விற்பவர் எழுபதை நெருங்கும் பெரியவர், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். ஆன்டி முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோலுடன் நடந்தார். மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். பெரியவர் வீட்டைச் சுற்றிக் காட்டிய விதம் எனக்கு விசித்திரமாக இருந்தது. விற்க வந்தவர் மாதிரி பேசவில்லை. "வடகிழக்குப் பருவமழை அடிச்சுப் பெஞ்சா இந்தச் சன்னல் ஓரமா தண்ணி இறங்கும். துணி வைக்கணும். சமையலறை ஓடு ரெண்டு எழும்பியிருக்கு, பாருங்க" என்று காலால் தட்டிக் காட்டினார். ஹவ்காங்கில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் மூவறை வீடு ஒன்றை வாங்க உறுதிசெய்துவிட்டதாகவும் சொன்னார். நான் கைப்பேசியில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

அன்றிரவு வாட்ஸ்அப்பில் நான் எழுதினேன். அக்கா இரவு வேலையில் இருந்தாள். "நீயே அழகா எழுதி அனுப்பிடு, குறைச்சுக் கேட்டுப் பாரு" என்று மட்டும் சொல்லியிருந்தாள். நான் அனுப்பியது நான்கு குறிப்புகளும் ஒரு விலையும். சன்னல் ஒழுகுகிறது. தரை ஓடு எழும்பியிருக்கிறது. சமையலறை அலமாரிகளை முழுதாக மாற்ற வேண்டும். ஐந்து மாதமாக வீடு விலைபோகவில்லை. அதற்கும் கீழே, இந்த புளோக்கில் உங்களிடம் வாங்கக்கூடியவர்கள் மிகக் குறைவு என்பதை நாங்கள் அறிவோம், ஆகவே எங்கள் விலை 495,000 வெள்ளி.

எதிர்த்தரப்புக்கு வேறு வழி குறைவாக இருக்கும்போது நம் கை ஓங்கும் என்று பாடத்தில் படித்ததைத்தான் எழுதினேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது அம்மா அந்தச் செய்தியைக் காட்டச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "ஒழுகுதுன்னு உங்கிட்ட சொன்னது யாரு?"

"அவர்தான்."

"அவரு சொன்னதையே அவருக்கு எதிரா எழுதியிருக்கே."

நான் ஏதோ சந்தை, தேவை, அளிப்பு என்று ஆரம்பித்தேன். அம்மா விடவில்லை. "அந்த வீட்ட வாங்கினா, நாளைக்கு விக்கிறப்ப உங்க அக்காவுக்கும் அதே கதைதானே? அப்ப ஒரு பொண்ணு வந்து இப்படி எழுதினா?"

அத்தானுக்கு இதில் உடன்பாடில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "அதுக்காகத்தான் அத்தை குறைச்சுக் கேக்கணும். பக்கத்து புளோக்ல வாங்கினா நாளைக்கு யாருக்கு வேணாலும் விக்கலாம். இங்க வாங்கினா முடியாது. அந்த நஷ்டம் எங்க தலையில. அவர் மேல பாவப்பட்டு முழு விலை கொடுத்தா, எங்க மேல யார் பாவப்படுவாங்க?" இப்படிச் சிக்கிக்கொண்டு விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீட்டைச் சில சூழல்களில் வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. அதை நான் எடுத்துச் சொன்னேன். "ஒவ்வொருத்தர் நிலமையப் பார்த்துத்தானே செய்வாங்க, அத நம்பி வாங்க முடியுமா?" என்றார் அத்தான். சாப்பாடு ஆறிப்போனது. இன்றுவரை இந்த விவாதத்தில் யார் பக்கம் நான் என்று கேட்டால், இருவர் பக்கமும்தான்.

அப்பா கடைசியில் ஒன்று சொன்னார். "குறைச்சுக் கேளுங்க. ஏன் குறைச்சுக் கேக்கிறோம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிக் கேளுங்க."

மறுநாள் காலை அக்கா அவரை அழைத்து, நேரில் வரலாமா என்று கேட்டாள். நானும் வர வேண்டும் என்பது அவளுடைய நிபந்தனை. அன்றும் மைலோ வந்தது. எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. "அங்கிள், அன்னிக்கு நான் எழுதினது தப்பு, மன்னிச்சிடுங்க" என்று ஒருவழியாகச் சொன்னேன். பெரியவர் கோபப்படவில்லை. "கணக்கு நல்லாத்தான் போட்டிருக்கே. அதுக்கு முன்னாடி வந்தவங்க 480தான் சொன்னாங்க" என்றார். அது ஆறுதலா குத்தலா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

பிறகு அக்கா கேட்ட கேள்வியை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். "அங்கிள், விலைய விடுங்க. இந்த வீட்ட விக்கிறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

அவர் இரண்டைச் சொன்னார். ஹவ்காங் வீட்டின் சாவி கிடைத்ததும் குளியலறையை இடித்துக் கட்ட வேண்டும். ஆன்டியின் காலுக்கு ஏற்ப வழுக்காத தரை, கைப்பிடி, படி இல்லாத நுழைவு. வேலை முடிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை எங்கே போவது? வந்து பார்த்த எல்லாரும் உடனே சாவி கேட்டார்கள். நடக்கச் சிரமப்படும் மனைவியோடு அறை வாடகைக்கு எடுத்து, சாமான்களை எங்கோ அடைத்துவைத்து, இரண்டு முறை வீடு மாறுவதை நினைத்தாலே அவருக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டாவது, மூன்று மாதத்துக்கு முன் ஒருவர் 540,000க்கு ஒப்புக்கொண்டார். ஓடிபிக்கு விற்பவர் 1 வெள்ளியிலிருந்து 1,000 வெள்ளிவரை வாங்கலாம். இவர் நல்ல மனதோடு 1 வெள்ளிக்கே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார். பத்திரம் 21 நாள் செல்லும். அந்த 21 நாளும் வேறு யாருக்கும் விற்க முடியாது. கடைசி நாள் மாலை நான்கு மணி தாண்டியது. வாங்குவதாகச் சொன்னவர் வரவேயில்லை. அவருக்கு நஷ்டம் 1 வெள்ளி.

திரும்பி வரும் பேருந்தில் நான் புதிதாக ஒரு கணக்கைப் போட்டேன். விற்பனை முடிந்த பிறகும் விற்றவர் அதிகபட்சம் மூன்று மாதம் அதே வீட்டில் தங்கிக்கொள்ள வாங்குபவர் சம்மதிக்கலாம். வேறொரு வீட்டை, கட்டி முடித்த வீட்டை, வாங்க உறுதிசெய்தவருக்கு இது பொருந்தும். ரகசிய ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை, வீவகவிடமே அதற்கு விண்ணப்பிக்கலாம். அக்காவும் அத்தானும் இருக்கும் வீட்டில் நெருக்கடிதான், ஆனால் தலைக்கு மேல் கூரை உண்டு. மூன்று மாதம் தள்ளிப்போனால் அவர்களுக்கு என்ன செலவு? 2.6 விழுக்காடு வட்டியில் 25 ஆண்டுக் கடன், மாதத் தவணை ஏறக்குறைய 1,800 வெள்ளி. குடியேறாமலேயே மூன்று தவணை கட்ட வேண்டும், 5,400 வெள்ளி. அதிலும் பெரும்பகுதி அசலுக்குப் போய்ச் சேரும். மூன்று மாத வட்டி மட்டும் ஏறக்குறைய 2,570 வெள்ளி. எங்களுக்கு 2,570 வெள்ளிக்கு வரும் ஒன்று, அந்தப் பெரியவருக்குத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும். 'கெட்டிங் டு யெஸ்' படித்தவள் இதை உட்லண்ட்ஸ் 900 எண் பேருந்தில் உட்கார்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது முறை விலை சொன்னது அக்காதான், நேரில். நான் தாளில் எழுதிக் கொடுத்ததை மேசைமேல் வைத்தாள். விலை 525,000. ஓடிபிக்கு 1,000 வெள்ளி முழுதாக. எச்எஃப்இ கடிதத்தின் நகல், எவ்வளவு கடன் கிடைக்கும் என்பது அதிலேயே இருக்கிறது. மூன்று மாதம் தங்கிக்கொள்ளலாம், வாடகை வேண்டாம், தண்ணீர், மின்சாரக் கட்டணம் மட்டும் அவர்களுடையது. வீடு இருக்கிறபடியே எடுத்துக்கொள்கிறோம், ஓட்டையும் சன்னலையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

"பக்கத்து புளோக்ல 540க்கு மேல போகுது, தெரியும் அங்கிள். ஆனா நாளைக்கு நாங்க விக்கிறப்ப எங்களுக்கும் இதே சிக்கல்தான். அதுக்காகத்தான் கொஞ்சம் குறைச்சுக் கேக்கிறோம்" என்றாள்.

நான் வாட்ஸ்அப்பில் எழுதியதும் இதே விஷயம்தான். ஆனால் பெரியவர் இந்த முறை தலையாட்டினார். "அது நியாயம்" என்றார். சற்று யோசித்து, 535 என்றார். அத்தான் 530 என்றார். இருவரும் அதற்குமேல் நகரவில்லை. மைலோ குவளைகளை எடுக்க வந்த ஆன்டி, "ரெண்டு பேரும் வளர்ந்தவங்கதானே, நடுவுல வைங்க" என்றார். 532,000 என்று முடிந்தது.

விற்கும் விருப்பத்தை வீவகவில் பதிவுசெய்து ஏழு நாள் கழித்துத்தான் ஓடிபி கொடுக்க முடியும். அவர் எப்போதோ பதிவுசெய்திருந்ததால் அந்த வாரமே கையெழுத்தானது. மறு வேலைநாளே 120 வெள்ளி கட்டி மதிப்பைக் கேட்டோம். அந்தச் சில நாள்கள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மதிப்பு 515,000 என்று வந்தால் 17,000 ரொக்கம். அப்படி வந்தால் 1,000 வெள்ளியை விட்டுவிட்டு விலகிக்கொள்ளலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் ஏற்கெனவே ஒரு முறை ஏமாந்தவரை இன்னொரு முறை விட்டுவிட்டுப் போகும் முகம் அக்காவுக்கு இல்லை. விலகுவதா வேண்டாமா என்று யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

528,000 என்று வந்தது. அதில் 75 விழுக்காடு, 396,000 வெள்ளி, கடன். மீதி 132,000. முதல்முறை வாங்கும் குடும்பத்துக்கான 80,000 மானியம், பெற்றோர் அருகில் வசிப்பதற்கான 20,000 மானியம் போக 32,000 வெள்ளி இருவரின் மசேநியிலிருந்து. மதிப்பைத் தாண்டிய 4,000 மட்டும் ரொக்கம். முத்திரைத்தீர்வை 10,560. அதையும் மசேநியிலிருந்து எடுக்க முடிந்தது. அத்தான் அன்று இரண்டு பிரியாணி வாங்கி வந்தார்.

அத்தானுடன் வேலை செய்யும் ஒருவர், "இன்னும் ரெண்டு வாரம் இழுத்தடிச்சிருந்தா 515க்கே இறங்கியிருப்பார்" என்று பிறகு சொன்னாராம். இருக்கலாம். 480 சொன்னவர் திரும்பி வந்து 535 கொடுத்திருக்கவும் கூடும். பதினைந்து ஆண்டு கழித்து அக்கா அந்த வீட்டை விற்கும்போது வரம்பு எப்படி இருக்கும், யார் வாங்க வருவார்கள், எவ்வளவு இழப்பார்கள் என்பதற்கு அட்டவணையில் ஒரு கட்டம் வைத்தேன். அது இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

விற்பனை போன மாதம் முடிந்தது. வீடு இப்போது அக்கா, அத்தான் பெயரில். குடியிருப்பது பெரியவரும் ஆன்டியும். முதல் தவணை போய்விட்டது. அத்தானின் தம்பி இன்னும் பாயில்தான் படுக்கிறார். ஹவ்காங்கில் குளியலறை வேலை பாதி முடிந்திருக்கிறது.

போன சனிக்கிழமை திரைச்சீலைக்கு அளவெடுக்க அக்காவோடு நானும் போனேன். பெரியவர் எந்த விசை எந்த விளக்குக்கு என்று சிறு தாள்களில் எழுதி ஒட்டியிருந்தார். மழைநீர் இறங்கும் சன்னலின் மூலையில் சிவப்புத் தாள். நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இதையும் கணக்குல எழுதிக்கோ" என்றார். ஆன்டி சமையலறையிலிருந்து சிரித்தார். நான் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அக்கா சொன்ன எண்ணை எழுதினேன், 182 சென்டிமீட்டர்.